லொடலொடக்கும் ஜீப் கியர் ராடு: ஆட்டம் எங்கே, அடக்குவது எப்படி

கம்பம், கூடலூர், போடிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய மகிந்திரா ஜீப்பில் ஒரு தடவை போனவருக்குக்கூட இந்தச் சத்தம் தெரியும். வண்டி நியூட்ரலில் நிற்கும்போது கியர் ராடு கிலுகிலுவென்று நடுங்கும். லோயர்கேம்ப் தாண்டி குமுளி ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை விட்டதும் லொடலொடவென்று அடிக்கும். டிரைவர் கையை வைத்து அமுக்கினால் அடங்கிவிடும். "பழைய வண்டின்னா அப்படித்தாண்ணே" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். சில பட்டறைகளில் எடுத்த எடுப்பில் கியர்பாக்ஸையே இறக்கிவிடுகிறார்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டுமே வேண்டாம். சத்தம் வருவது கியர்பாக்ஸின் மேல்மூடியிலும் அதற்கு மேலேயும்தான். ஒரு ஸ்பிரிங், ஒரு பின், கொஞ்சம் லேத் வேலை, அரை நாள் உழைப்பு இருந்தால் அடங்கும். ஆனால் எந்த ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்காமல் ஸ்பேனரைக் கையில் எடுக்கக் கூடாது.

இங்கே சொல்வது சிஜே3பி வகை ஜீப்பில் வரும் மூன்று கியர் டி-90 பெட்டியை வைத்து. இடது முன் ரிவர்ஸ், இடது பின் ஒன்று, வலது முன் இரண்டு, வலது பின் மூன்று என்று கியர் விழும் பெட்டி அது. நான்கு கியர் பெட்டி போட்ட வண்டியிலும் தரையிலிருந்து வரும் ராடின் தத்துவம் இதேதான்.

ராடு எப்படி நிற்கிறது

மேலே குமிழ், நடுவில் ஒரு உருண்டை, அடியில் ஒரு நாக்கு. உருண்டை, மேல்மூடியோடு சேர்ந்த கோபுரத்தின் கிண்ணத்தில் உட்காரும். ஒரு கனமான ஸ்பிரிங் அதைக் கிண்ணத்தோடு அழுத்திப் பிடிக்கும். ராடு தன்னைத்தானே சுற்றாமலிருக்க, கோபுரத்தில் அடித்த பின் உருண்டையில் வெட்டிய காடிக்குள் நிற்கும். நாக்கு, பெட்டிக்குள் கியரை நகர்த்தும் கவை போன்ற ஃபோர்க்குகளின் வெட்டுக்குள் இறங்கி, வேண்டிய ஃபோர்க்கை முன்னும் பின்னும் தள்ளும். தேயக்கூடிய இடங்கள் ஸ்பிரிங், உருண்டை, பின், நாக்கு ஆகிய நான்குதான். உருண்டைக்கு மேலே உள்ள நீளம், கீழே உள்ள நாக்கின் நீளத்தைப்போல பல மடங்கு. அதனால் நாக்கில் அரை மில்லிமீட்டர் தேய்ந்தால் குமிழில் அது மூன்று நான்கு மில்லியாகத் தெரியும். குமிழ் ரொம்ப ஆடுகிறது என்று பயப்படுவதற்கு முன் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

கையால் பார்க்கும் சோதனை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். இது சம்பிரதாயத்துக்குச் சொல்வதல்ல. ராடைக் கழற்றியபின் கியரில் போட்டு நிறுத்த வழியில்லை. இந்த ஜீப்பின் ஹேண்ட்பிரேக்கோ சக்கரத்தில் இல்லை, ட்ரான்ஸ்ஃபர் கேஸின் (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் பெட்டி) பின்பக்கம் பின்புற ஷாஃப்டைப் பிடிக்கும் ட்ரம்மில் இருக்கிறது. அதில் எண்ணெய் பட்டிருந்தால் அதையும் நம்ப முடியாது.

இன்ஜினை அணைத்து நியூட்ரலில் வையுங்கள். குமிழைப் பிடித்து நேர் மேலே இழுத்து விடுங்கள். ராடு எழும்பி 'டக்'கென்று உட்கார்ந்தால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது, அல்லது உருண்டை தேய்ந்துவிட்டது. அடுத்து, சாவி திருகுவதுபோல ராடை இடமும் வலமும் திருகுங்கள். தாராளமாகத் திரும்பினால் பின்னும் காடியும் தேய்ந்திருக்கின்றன. மூன்றாவதாக, இரண்டாம் கியரில் போட்டு, ஃபோர்க் நகராத அளவுக்கு மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். வெறும் கையில் உணரும் அந்தக் காலி ஆட்டம்தான் நாக்கின் தேய்மானம்.

இப்போது இன்ஜினை ஓடவிட்டு ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காத ஓட்டம்) வைத்து, ஒவ்வொரு ராடாகத் தொடுங்கள். கியர் ராடைத் தொட்டதும் சத்தம் நின்றால் வேலை அங்கே. பக்கத்தில் ஜோடியாக நிற்கும் ஃபோர்வீல் ராடுகளைத் தொட்டதும் நின்றால் கியர் ராடில் கையே வைக்க வேண்டாம். எதைத் தொட்டாலும் நிற்காமல் கிளட்சை மிதித்ததும் நின்றால், அது பெட்டிக்குள்ளே பல்லும் பேரிங்கும் போடும் சத்தம். மேலே எவ்வளவு புஷ் மாற்றினாலும் அது போகாது. டீசல் இன்ஜினில் ஐடில் ரொம்பத் தாழ்ந்திருந்தாலும் இப்படிச் சத்தம் கேட்கும், முதலில் ஐடிலைச் சரிசெய்து பாருங்கள்.

கடைசிச் சோதனை ஓட்டத்தில். தரைத்தகட்டைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, ஆக்சிலேட்டரைக் கொடுத்தும் விட்டும் ஓட்டுங்கள். ராடும் கோபுரமும் சேர்ந்தே முன்பின் போனால் இன்ஜின், கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர் போய்விட்டது. கோபுரம் அசையாமல் ராடு மட்டும் முன்பின் நகர்ந்தால், உள்ளே மெயின்ஷாஃப்ட் நீளவாக்கில் ஆடுகிறது. இந்த இரண்டாவது வகையை உடனே கவனியுங்கள். இன்றைக்கு ராடு நடுங்கும், நாளைக்கு இறக்கத்தில் கியர் தானாக நழுவும்.

மேலோட்டமான காரணங்கள்

குமிழின் மரை தளர்ந்து குமிழ் மட்டும் ஆடுவது நிறையப் பேர் கவனிக்காத ஒன்று. மரையில் டெஃப்லான் டேப் நாலு சுற்று சுற்றி இறுக்கி, லாக் நட்டையும் இறுக்குங்கள். அழகுக்காகப் போடும் கனமான இரும்புக் குமிழ் நடுக்கத்தைக் குறைக்காது, ஐடிலில் இருந்ததை இன்னொரு வேகத்துக்கு மாற்றிவிடும்.

தரைத்தகட்டின் ஓட்டையில் ராடு உரசுகிறதா பாருங்கள். எல்லாக் கியரிலும் சுற்றி ஒரு விரல் இடைவெளி வேண்டும். மவுண்ட் அமுங்கி ராடு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், தகட்டை வெட்டி ஓட்டையைப் பெரிதாக்காதீர்கள், மவுண்டை மாற்றுங்கள். பெட்ரோலைக் கழற்றி டீசல் ஏற்றிய வண்டிகளில் இதுதான் முதல் குற்றவாளி. மவுண்ட் ரப்பர் ஆயில் ஊறி, நகம் வைத்தால் பதியும் பதத்துக்கு வந்திருக்கும்.

ராடின் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் அதற்கு இன்றே வழி செய்யுங்கள். குமுளி, வண்டன்மேடு பக்கம் தென்மேற்குப் பருவமழையில் சேறும் தண்ணீரும் உள்ளே இறங்கும். மலையிறங்கி கம்பம் வந்தால் புழுதி. கிரீஸோடு புழுதி சேர்ந்தால் உருண்டைக்கு அது உப்புத்தாள். நல்ல வண்டியிலும் ராடு சீக்கிரம் ஆட ஆரம்பிப்பதற்கு இந்தக் கிழிந்த பூட்தான் காரணம்.

கோபுரத்தைத் திறப்பது

பழைய ஜீப்பின் போல்ட்டுகள் இன்ச் அளவு. அரை இன்ச், 9/16 ஸ்பேனர்கள் வேண்டும். அரை இன்ச் என்பது 12.7 மில்லி. அதில் 13 ஸ்பேனரைப் போட்டால் தலை உருண்டு போகும். 9/16 என்பது 14.3 மில்லி, அதில் 14 ஏறவே ஏறாது. பிற்பாடு வந்த வண்டிகளில் மில்லிமீட்டர் போல்ட் கலந்திருக்கும், ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பாட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

தரைத்தகட்டை எடுத்ததும் மேல்மூடியைச் சுற்றி டீசலும் பிரஷ்ஷும் வைத்துச் சுத்தமாகக் கழுவித் துடையுங்கள். மூடியைத் தூக்கும்போது விழும் ஒவ்வொரு மண் துகளும் கியர் ஆயிலில்தான் போய்ச் சேரும். ராடை நியூட்ரலில் வைத்து, சுற்றியுள்ள போல்ட்டுகளைக் கழற்றி, மூடியை நேர் மேலே தூக்குங்கள். டி-90இல் ஷிஃப்ட் ராடுகளும் (ஃபோர்க் கோத்த கம்பிகள்) ஃபோர்க்குகளும் மூடியோடு சேர்ந்தே வெளியே வரும், மிரள வேண்டாம். உடனே திறந்த பெட்டியின் மேல் பஞ்சு பிரியாத சுத்தத் துணியை விரித்து மூடுங்கள்.

ஸ்பிரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சில கோபுரங்களில் ஸ்பிரிங் அடிப்பக்கம், வார்ப்பின் பற்களுக்குப் பின்னால் மாட்டியிருக்கும். பெரிய ஸ்க்ரூடிரைவரால் ஒரு முனையிலிருந்து நெம்பினால் வெளியே வரும். முகத்தை விலக்கி, மேலே துணி போட்டு நெம்புங்கள். வேறு சிலவற்றில் மேலே ஒரு தொப்பி இருக்கும். அதைக் கீழே அழுத்தித் திருப்பினால் ராடு ஸ்பிரிங்கோடு எழும்பி வரும், மேல்மூடியைத் தூக்கவே வேண்டாம். தொப்பி மரை போட்டதா, அழுத்தித் திருப்புவதா என்று புரியாமல் பைப் ரெஞ்ச் போட்டுத் திருகி உடைப்பது பட்டறைகளில் அடிக்கடி நடக்கிறது.

ஒரு எச்சரிக்கை: ஷிஃப்ட் ராடுகளை மூடியிலிருந்து உருவாதீர்கள். உருவினால் உள்ளே ஸ்பிரிங்கோடு இருக்கும் சிறு குண்டுகள் தெறிக்கும். இரண்டு கியர் ஒன்றாக விழாமல் தடுக்கும் துண்டும் நழுவும். லொடலொடப்புக்கு அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

எதை மாற்றுவது, எதைச் சரிசெய்வது

ஸ்பிரிங்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். பழையதை இழுத்து நீட்டிப் போடுவார்கள், சில வாரத்தில் அது மறுபடி படுத்துவிடும். புது ஸ்பிரிங் வாங்கிப் பழையதன் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், உயர வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். புதிது கிடைக்கும்வரை ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் 1 முதல் 1.5 மில்லி கனமுள்ள எஃகு வாஷர் ஒன்று கொடுக்கலாம். அதற்கு மேல் கனம் கொடுத்தால் ஸ்பிரிங் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ராடு இறுகும், கியர் விழுகிற உணர்வே கைக்குத் தெரியாது.

உருண்டை முன்பின் திசையில்தான் அதிகம் தேயும். அதனால் வெர்னியரால் மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். தேயாத பக்கத்து அளவுதான் அதன் அசல் அளவு. வித்தியாசம் அரை மில்லிக்குள் இருந்தால் ஸ்பிரிங் மாற்றினாலே அடங்கும். அதைத் தாண்டினால் கேஸ் வெல்டிங்கில் பித்தளை ஏற்றி லேத்தில் உருட்ட வேண்டும். இங்கே இரும்பு ராடால் வெல்ட் வைப்பதைவிடப் பித்தளை நல்லது. பித்தளை மெது, தேய்ந்தாலும் உருண்டைதான் தேயும், கோபுரத்துக் கிண்ணம் பிழைக்கும். கிண்ணம் வார்ப்பிரும்பு. அதில் நேரடியாக ஆர்க் வெல்டிங் வைத்தால் வெடிப்பு விடும்.

லேத்துக்காரரிடம் "பழைய அளவுக்கு உருட்டிக் கொடுங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடாதீர்கள். கோபுரத்தையும் கையோடு கொண்டுபோங்கள். கிண்ணத்தில் மார்க்கிங் ப்ளூ தடவி உருண்டையை வைத்துச் சுற்றிப் பார்த்தால், எங்கே தொடுகிறது என்று நீலம் காட்டும். ஒரு வளையமாகச் சுற்றிலும் பதிந்தால் சரி. இரண்டு புள்ளியில் மட்டும் பதிந்தால் வாரத்தில் மறுபடி ஆடும்.

பின்னைப் பொறுத்தவரை, கோபுரத்தின் ஓட்டையே முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் புதுப் பின் போட்டும் பயனில்லை. ஓட்டையை ரீமரால் அடுத்த அளவுக்கு வட்டமாக்கி, அதற்கேற்ற சில்வர் ஸ்டீல் பின்னை இறுக்கமாக அடித்து, வெளி முனையை மூன்று இடத்தில் பஞ்ச் வைத்துப் பூட்டுங்கள். உருண்டையின் காடிக்கும் பின்னுக்கும் இடையில் ராடு தாராளமாக ஆட இடம் வேண்டும், திரும்ப இடம் கூடாது.

நாக்கு வேலை நுணுக்கமானது. தேய்ந்த பக்கத்தில் 7018 வெல்டிங் ராடால் வெல்ட் வைத்து, அரத்தால் பழைய உருவத்துக்குக் கொண்டுவர வேண்டும். கடினமான ஹார்ட்ஃபேசிங் ராடு வைத்தால் நாக்கு தேயாதுதான், ஆனால் ஃபோர்க்கின் வெட்டைத் தின்றுவிடும். ஃபோர்க் கிடைப்பதும் கஷ்டம், விலையும் அதிகம். வெட்டுக்கும் நாக்குக்கும் இடையில் ஃபீலர் கேஜில் 0.25 மில்லி சுமாராக இருக்கட்டும். இறுக்கமாக வைத்துவிட்டால் ஒரு ஃபோர்க்கிலிருந்து அடுத்ததற்கு நாக்கு தாண்டாது, இரண்டாம் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு வரும்போது நடுவழியில் மாட்டிக்கொள்ளும். அரம் போட்ட பின் முனைகளை உப்புத்தாளால் மழுங்கத் தேய்த்துவிடுங்கள்.

ஃபோர்வீல் ராடுகள்

கியர் ராடுக்குப் பக்கத்தில் ஜோடியாக நிற்கும் இந்த இரண்டும் ஒரே பின்னில் கோத்தவை. ஒன்று முன்சக்கரத்துக்கு, மற்றது லோ, ஹைக்கு. மாதக்கணக்கில் யாரும் தொடுவதில்லை, அதனால் கிரீஸ் காய்ந்து, பின்னும் ஓட்டையும் துருப்பிடித்துத் தேய்ந்து, ஒன்றோடொன்று மோதும். "கியர் ராடு சத்தம்" என்று வரும் வண்டிகளில் நிறைய இங்கேதான் முடியும்.

பின்னைப் பிடித்திருக்கும் லாக் ஸ்க்ரூவை எடுத்து, பின்னைத் தட்டி எடுங்கள். தேய்மானம் குறைவாக இருந்தால் புதுப் பின்னும், இரண்டு ராடுக்கும் நடுவில் ஒரு அலை வாஷரும் போதும். ஓட்டை விரிந்திருந்தால் ரீமர் போட்டு வெண்கல புஷ் இறக்குங்கள். புஷ்ஷில் கிரீஸ் ஓட ஒரு சிறு பள்ளம் வெட்டச் சொல்லுங்கள். பின்னின் முனையில் நிப்பிள் இருந்தால் அது அடைத்திருக்கிறதா என்று ஊசியால் குத்திப் பாருங்கள். மாட்டிய பிறகு இரண்டு ராடும் கடைசிவரை போய்வருகிறதா என்று நிறுத்திய வண்டியில் போட்டுப் பாருங்கள். வாஷர் ரொம்ப இறுக்கினால் ஒரு ராடைத் தள்ளும்போது மற்றதும் கூடவே வரும்.

திரும்பப் பூட்டும்போது

உருண்டைக்கும் கிண்ணத்துக்கும் ஏபி3 கிரீஸ் மெல்லிசாகப் போதும். அள்ளி அப்பினால் கீழே கியர் ஆயிலில்தான் விழும். பெட்டிக்குள் கியர்கள் நியூட்ரலில் இருக்கின்றனவா, மூடியில் ஃபோர்க்குகள் நியூட்ரலில் இருக்கின்றனவா என்று இரண்டையும் பாருங்கள். இந்த வேலையில் அதிகம் தவறுவது இங்கேதான். ஃபோர்க் காடியில் இறங்காமல் மேலே உட்கார்ந்த நிலையில் போல்ட்டை இறுக்கினால் ஃபோர்க் வளையும், மூடியும் வெடிக்கும். மூடி தானாகவே சமமாக உட்கார வேண்டும். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் போல்ட்டால் இழுத்து உட்காரவைக்காதீர்கள், தூக்கி மறுபடி இறக்குங்கள்.

கேஸ்கெட் தாளைப் புதிதாக வெட்டிப் போடுங்கள், கம் இரண்டு பக்கமும் மெல்லிசாக. போல்ட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். ஆயில் லெவல் பிளக் வரை நிரப்புங்கள். 90 கிரேடு, ஜிஎல்-4 வகை. ஜிஎல்-5 ஆயில் உசத்தி என்று கடையில் சொல்வார்கள். பழைய பெட்டியின் பித்தளை சிங்க்ரோ வளையத்துக்கு அதிலுள்ள சேர்மானங்கள் ஆகாது.

இன்ஜினை அணைத்த நிலையில் எல்லாக் கியரும் விழுகிறதா பார்த்துவிட்டு, கிளட்சை மிதித்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் ஓட்டம் ஊருக்குள்ளேயே இருக்கட்டும். குமுளிக்கோ போடிமெட்டுக்கோ ஏற்றுவது அதற்கப்புறம். 200 கிலோமீட்டர் போனதும் மூடி போல்ட்டுகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள், புது கேஸ்கெட் அமுங்கியிருக்கும்.

வழியில் சமாளிக்க

பழைய சைக்கிள் ட்யூபை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி ஃபோர்வீல் ராடுகள் இரண்டையும் சேர்த்து மாட்டினால் வீடு வரை சத்தம் இராது. ஆனால் கியர் நழுவுகிறது என்று கியர் ராடைக் கயிற்றால் சீட்டுக் கம்பியில் கட்டி மலையிறங்குவது இந்தப் பக்கம் வழக்கத்தில் இருக்கிறது. அது வேண்டவே வேண்டாம். இறக்கத்தில் வண்டியைப் பிடித்திருப்பது இன்ஜின்தான். கயிறு கட்டியும் கியர் நழுவினால் அவ்வளவு பாரமும் பிரேக்கில் விழும். அவசரத்தில் கியரை மாற்றவும் கயிறு விடாது. நழுவும் வண்டியில் ஆள் ஏற்றாதீர்கள்.

ஓட்டும்போது கையை ராடின் மேலேயே வைத்திருக்கும் பழக்கமும் ஃபோர்க்கைத் தின்னும். கையின் பாரம் ஃபோர்க்கைச் சுழலும் ஸ்லீவின் காடியோடு உரசவைக்கும். சத்தத்தை அடக்கக் கை வைப்பார்கள், அதனால் தேய்மானம் கூடும், சத்தமும் கூடும்.

ஸ்டீயரிங்கில் கியர் உள்ள கார்கள்

பழைய அம்பாசடர், பத்மினி வண்டிகளில் ராடு ஸ்டீயரிங் தண்டோடு இருப்பதால் தேடும் இடம் வேறு. பானட்டைத் திறந்து, ஒருவரை உள்ளே உட்காரவைத்து இன்ஜின் அணைந்த நிலையில் கியரை மெல்ல அசைக்கச் சொல்லுங்கள். தண்டின் அடியிலிருந்து கியர்பாக்ஸ் வரை போகும் கம்பிகளின் ஒவ்வொரு இணைப்பிலும் விரலை வையுங்கள். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசையும் இணைப்புதான் தேய்ந்தது. பெரும்பாலும் புஷ் உதிர்ந்து, பின் வெறும் ஓட்டையில் ஆடிக்கொண்டிருக்கும். புதுப் பின், புது புஷ், புது ஸ்ப்ளிட் பின் போடுங்கள். புஷ் கிடைக்காவிட்டால் நைலான் கம்பியில் லேத்தில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். கம்பியின் நீளத்தை மாற்றும் நட்டைத் தொடுவதற்கு முன் மரையில் பெயிண்டால் ஒரு அடையாளம் வையுங்கள். அது ஒரு சுற்று தப்பினாலும் ஒரு கியர் முழுதாக விழாமல் பாதியில் நிற்கும்.